கோமளத்தின் பயமும் அஷ்டதிக் கம்பெனியும்

ஓசூர் ரோட்டில் அஷ்டதிக் இன்டராக்டிவ் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். உள்ளே இருந்து பார்த்தால் வெளியே நிற்பவர்கள் ஒரு பொருட்டாகத் தெரியமாட்டார்கள். அங்கே நானூறு பேர் ஏ.சி.யில் உட்கார்ந்து பேய் செய்துகொண்டிருந்தார்கள். கேலி இல்லை, தொழிலே அதுதான். வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற வீடியோ கேமுக்குத் தேவையான பேய், பிசாசு, அழுகிய பிணம், பிணம் தொங்க உத்திரம், உத்திரத்துக்கு ஒட்டடை எல்லாம் இங்கிருந்துதான் போயின. பேயின் பல் ஒன்றுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். தரத்தில் ஐந்தாம் படியை எட்டிய கம்பெனி என்று வரவேற்பறையில் சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். ஆறாம் படி என்று ஒன்று உலகத்தில் இல்லாதது குறித்து அங்கே எல்லோருக்கும் மனத்தாங்கல் உண்டு.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கனடாக்காரன் ஒருவன் இவர்களிடம் ஒரு கேம் செய்யக் கொடுத்தான். மூடிக் கிடக்கிற ஆஸ்பத்திரிக்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள், பேய்களிடம் அகப்படாமல் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் கதை. அஷ்டதிக்கில் எட்டு மாதம் உழைத்து ஒரு கதாநாயகியை அனுப்பினார்கள். ஆறடி உயரம், இடுப்பில் இரண்டு துப்பாக்கி, தொடையில் ஒரு கத்தி. கனடாவிலிருந்து பதில் வந்தது. "விளையாடிப் பார்த்தவர்கள் யாரும் பயப்படவில்லை. இவளைப் பார்த்துப் பேய்கள்தான் ஒதுங்கிப் போகின்றன. இவள் செத்தாலும் பிழைத்தாலும் யாருக்கும் கவலையில்லை. எங்களுக்குச் சாதாரணப் பெண் ஒருத்தி வேண்டும். கதவு கிறீச்சிட்டால் நம்மைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள். இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பார்க்கிறவன் பதற வேண்டும்."

கடிதம் வந்த வாரமே 'சாதாரணத்தன்மை ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், வைஸ் பிரசிடென்ட் சுப்ரமணியன். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். தாத்தா மைசூர் அரசாங்கத்தில் தஸ்தாவேஜுகளோடு வாழ்ந்தவர். பேரன் பவர்பாயின்ட்டோடு வாழ்ந்தார். எல்லோரும் தன்னை 'சுப்பு' என்றுதான் கூப்பிட வேண்டும், 'சார்' என்றால் அபராதம் என்று சொல்லியிருந்தார். ஆகவே எல்லோரும் அவரை 'சுப்பு சார்' என்று கூப்பிட்டார்கள். குழு நந்தி மலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கி, சாதாரண மனிதர் என்பவர் யார் என்று விவாதித்தது. கடைசி நாள் மனிதவள மேலாளர் ஸ்ரீவித்யா எழுந்து, கம்பெனியின் வருடாந்திர மதிப்பீடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"நானூறு பேர்ல நானூறு பேரும் 'எதிர்பார்ப்புக்கு மேல்', சுப்பு சார். ஒருத்தர்கூட சாதாரணம் இல்லை. அப்படிப்பட்டவாளை நாம எடுக்கறதே இல்லையே."

குழு கைதட்டிவிட்டு, கவலையோடு ஊர் திரும்பியது.

கோமளம் இதே கட்டடத்தில் ஆறு வருஷமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. வீடு விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில். புருஷன் கோவிந்தன் பெயின்டர். சாரம் சரிந்து விழுந்து, இரண்டு வருஷமாகப் படுக்கை. மகள் சுனிதா பி.யூ.சி. இரண்டாம் வருஷம். மூன்று பேரும் கோமளத்தின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள் என்று சொல்லலாம். அந்த அட்டையும் கம்பெனி கொடுத்தது இல்லை, கான்ட்ராக்டர் கொடுத்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் பட்டியல் புதுப்பிப்பார்கள். பெயர் இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. கம்பெனியே தன்னைப் பர்மனென்ட் ஆக்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் வியாழக்கிழமை தோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டுக்கொண்டது.

துடைக்கிறவர்கள் தாங்கள் துடைக்கிற கழிவறைகளை உபயோகிக்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு சட்டம். அவர்களுக்கென்று பேஸ்மென்ட்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒன்று. சாவி செக்யூரிட்டியிடம். அன்று செக்யூரிட்டி டீக்குப் போயிருந்தான். கோமளம் ஐந்து நிமிஷம் பொறுத்தாள், பத்து நிமிஷம் பொறுத்தாள், பிறகு நாலாம் மாடியிலேயே உள்ளே போய்விட்டாள். வெளியே வரும்போது தாழ்வாரக் கோடியில் ஏழடி உயரத்துக்கு ஏதோ நிற்கிறது. சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒடுங்கினாள். துடைப்பக் கட்டையை மார்போடு அணைத்து, முந்தானை நுனியைப் பல்லில் கடித்து, மூச்சை நிறுத்தி, கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தாள்.

அங்கே நின்றது ஃபைபரில் செய்த மாதிரிப் பேய். எதிர்க் கண்ணாடி அறையிலிருந்து இதைப் பார்த்த சுப்ரமணியன் காப்பியைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே ஸ்ரீவித்யா.

"சார், தப்புதான் சார்," என்றாள் கோமளம். "கீழ சாவி இல்ல. அர்ஜென்ட்டா வந்திருச்சு. ஓஸ்வால்டு சாருகிட்ட சொல்லிராதீங்க, கால்ல வுழுறேன்."

"அதெல்லாம் விடுங்கோ," என்றார் சுப்ரமணியன். "அந்தப் பேயைப் பார்த்துத்தானே பயந்தீங்க?"

"பேயா? நான் ஓஸ்வால்டு சார்னு நெனச்சேன் சார்."

ஓஸ்வால்ட் என்பவர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். நல்ல உயரம்.

சுப்ரமணியன் ஸ்ரீவித்யா பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நோட் பண்ணிக்கோ. பேயை அவங்க அதிகாரத்தோட வடிவமா பாக்கறாங்க. என்ன ஒரு ஆழம்! ரிசார்ட்ல மூணு நாள் தேடினோம், டாய்லெட் வாசல்ல நிக்கறாங்க."

மறுநாளிலிருந்து கோமளத்தின் வேலை பயப்படுவது.

மூன்றாம் மாடியில் அதற்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். கதவில் 'பயப் பதிவு: தொந்தரவு செய்யாதீர்' என்று பலகை. பத்தரையிலிருந்து பதினொன்றே கால் வரை பயம், பிறகு டீ, பதினொன்றரைக்கு மறுபடியும் பயம். அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். கிளிப்பிலிருந்து வயர், வயர் முனையில் ஒரு டப்பா, டப்பாவில் சைபரிலிருந்து நூறு வரை ஓடும் ஊசி. எதிரே திரை. குழு முழுவதும் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வரும்போதே கோமளம் ஸ்ரீவித்யாவிடம் மெதுவாகக் கேட்டுவிட்டாள்: "மேடம், இதுக்கப்புறம் பர்மனென்ட்டு பண்ணுவீங்களா?" ஸ்ரீவித்யா சிரித்து, "ப்ராஜெக்ட் முடியட்டும், பார்ப்போம்" என்றாள். ஆறு வருஷத்தில் 'பார்ப்போம்' என்ற அளவுக்குக்கூட யாரும் இறங்கி வந்ததில்லை. கோமளம் அதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டாள்.

முதல் பேய் ஒரு நர்ஸ். முதுகெல்லாம் சதை பிய்ந்து தொங்க, தவழ்ந்து வந்தது.

"ஐயோ பாவம்," என்றாள் கோமளம். "ஒரே பக்கமா படுக்க வுட்டுட்டாங்க போல. காத்துப் படணும் சார். எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தான் புண்ணு வந்துச்சு. தெனம் ரெண்டு வாட்டி தொடச்சு பவுடர் போட்டா ஆறிடும்."

ஊசி நாலில் நின்றது.

இரண்டாவது பேய்க்குத் தலை இல்லை. அதற்குச் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். ஊசி மூன்று. எட்டு நாள், நாற்பத்தோரு பேய். ஒன்றுக்குக்கூட ஊசி பத்தைத் தாண்டவில்லை. ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டுக்காகத் திரையை நிறுத்தியபோது, சுப்ரமணியன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கோமளம், நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர். அதனால ஓப்பனா பேசறேன். உங்க பயம் டார்கெட்டுக்கு ரொம்பக் கீழ இருக்கு. ஒரு ப்ரொஃபஷனல் இடத்துல இப்படி தைரியமா இருந்தா எப்படி? இங்க நாங்க எல்லாருமே பயந்துண்டுதானே வேலை பார்க்கறோம்? நான் எங்க பிரசிடென்ட்டுக்குப் பயப்படறேன், அவர் கனடாவுக்குப் பயப்படறார். அதுக்குப் பேர்தான் டீம்."

"இப்படியே போனா," என்றாள் ஸ்ரீவித்யா, "உங்க பேரை மார்ச் லிஸ்ட்ல வைக்கச் சொல்லி என்னால பேச முடியாது."

கிளிப்பைக் கழற்ற மறந்திருந்தார்கள். ஊசி தொண்ணூற்றிரண்டுக்குப் போய் டக்கென்று அடித்தது.

குழு துள்ளி எழுந்தது. என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்தப் பேய்? எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சும்மா இருந்ததால் திரையில் மீன் தொட்டி வந்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு மீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"மீனைப் பார்த்தா பயந்தீங்க, கோமளம்?"

"இல்ல சார், மார்ச் லிஸ்ட்டுன்னு சொன்னாங்களே..."

"மீன்தான்," என்றார் சுப்ரமணியன். "அவங்களுக்கே தெரியலை. ஆழ்மனசு."

அடுத்த வாரமே ஆஸ்பத்திரிப் பேய்களில் முப்பதை நீக்கிவிட்டு, தாழ்வாரத்தில் ஒரு மீன் தொட்டி வைத்தார்கள். மீனுக்கு மட்டும் பதினோரு பேர் வேலை செய்தார்கள். ஆனாலும் ஊசி தன் இஷ்டத்துக்கே இருந்தது. ஓஸ்வால்ட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது எண்பத்தெட்டு. அப்போது திரையில் காலி நாற்காலி ஒன்று. வெளியே யாரோ 'கம்ப்ளைன்ட்' என்ற சொல்லை உச்சரித்தபோது எண்பத்தைந்து. அப்போது திரையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி செய்தவருக்கும் குழாய் செய்தவருக்கும் அந்த மாதம் விருது கிடைத்தது.

இந்தக் கூத்தில் கோமளத்திடம் பேசியது ஷில்பா ஒருத்திதான். ஹாசன் பக்கத்துப் பெண். கதாநாயகியின் முகத்தையும் நடையையும் செய்கிற வேலை அவளுடையது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் விசாரிப்பாள்.

"கோமளாக்கா, ஊட்டா ஆய்த்தா?"

"ஆச்சும்மா. சித்ரான்னம். நீ?"

"மெஸ் சாப்பாடு, கேக்காதீங்க. அக்கா, நெஜமா சொல்லுங்க, உங்களுக்கு எதுக்குப் பயம்?"

கோமளம் கழுத்து அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "காலைல கேட்டுல கார்டு காட்டுவேன் இல்ல? அந்த மிஷின்ல மொதல்ல செவப்பு லைட்டு எரியும், அப்புறம்தான் பச்ச. நடுவுல ஒரு செகண்டு. அதுக்குத்தாம்மா. உள்ள வந்துட்டா எந்தக் கதவத் தொறந்தாலும் யாரு இருப்பாங்களோ, என்ன சொல்லுவாங்களோன்னு இருக்கும். கைய சேலைல தொடச்சிக்கினு, மெதுவா 'சாரி சார்'னு சொல்லிட்டுத்தான் தொறப்பேன். தப்பு பண்ணோமோ இல்லியோ, மொதல்ல சாரி சொல்லிரணும்."

ஷில்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கதாநாயகி ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, உள்ளங்கையை உடையில் துடைத்து, மூச்சைப் பிடித்து, கதவிடம் 'சாரி' என்று முணுமுணுத்துவிட்டுத் திறப்பது அப்படித்தான் வந்தது. முட்டி வலியால் படியில் ஒரு காலைச் சாய்த்து வைப்பதும் வந்தது.

"துப்பாக்கி வச்சிருக்கறவளுக்காக நாம எதுக்குக்கா பதறணும்? அவ பார்த்துக்குவா," என்றாள் ஷில்பா. "பேய்கிட்டயும் சாரி கேக்கறா பாருங்க, இவ சாகக் கூடாதுன்னுதான் நான் கேம்ல பட்டனை அமுக்குவேன்."

பிறகு குழு அந்தக் கதாநாயகியைப் பரிசீலித்தது. முதல் கூட்டத்தில் வயது நாற்பதிலிருந்து இருபத்தாறானது. இரண்டாவதில் நிறம் மூன்று படி ஏறியது. மூன்றாவதில் சேலையும் யூனிஃபார்ம் நீலக் கோட்டும் போய் ஜீன்ஸ் வந்தது. தரை துடைக்கிற தொழில் போய்க் கடல் உயிரியல் வந்தது, மீன் தொட்டிக்குப் பொருத்தமாக. பெயர் மாயா என்று வைத்தார்கள்.

"எல்லாருக்கும் 'இது நான்தான்'னு தோணணும்னா," என்று சுப்ரமணியன் கூட்டத்துக்கு விளக்கினார், "அவ குறிப்பா யார் மாதிரியும் இருக்கக் கூடாது. முக்கியமா, நிஜமா சாதாரணமா இருக்கற யார் மாதிரியும் இருக்கக் கூடாது. அது பார்க்கறவாளுக்குச் சங்கடமா இருக்கும்."

முட்டி வலியையும் எடுத்துவிட்டார்கள். கையைத் துடைப்பதும், மூச்சைப் பிடிப்பதும், அந்த 'சாரி'யும் மட்டும் எப்படியோ தப்பின. அவற்றை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் காரணம்.

கேம் மார்ச் முதல் வாரம் வெளிவந்தது, ஓடியது ஓட்டம், அப்படியோர் ஓட்டம். கனடாவில் ஒருவன் எழுதினான்: "மாயா கதவிடம் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் என் ஆபீஸ் ஞாபகம் வருகிறது." ஜப்பானில் ஒரு பெண் எழுதினாள்: "மீனைப் பார்த்தபோது என் மேனேஜரை நினைத்துக்கொண்டேன். மாயாவை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மூன்று நாள் லீவு போட்டேன்." இப்படிப் பத்தாயிரம் கடிதம். இந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடக் கூடாது என்று உலகம் முழுவதும் பதறியது. பேயிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பதறியது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஆறாம் மாடியில் விழா. "ஒரு சாதாரணப் பெண்ணுக்காகக் கவலைப்பட உலகத்துக்குக் கத்துக்கொடுத்தது இந்த அஷ்டதிக்!" என்று சுப்ரமணியன் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கோமளம் பேஸ்மென்ட்டில் ஓஸ்வால்டின் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். புதுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"நீ எழுவத்திநாலு நாளு ஆப்சென்ட், கோமளம்."

"மேல மூணாவது மாடிலதானே சார் இருந்தேன்! நீங்களே வந்து எட்டிப் பாத்தீங்களே!"

"பாத்தேன். மாப் புடிச்சியா?"

"இல்ல சார்."

"பின்ன என்ன பண்ணே?"

"பயந்துக்கினு இருந்தேன் சார்."

ஓஸ்வால்ட் ரெஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கெட்ட மனிதர் இல்லை. "பாரும்மா. தரை, ஜன்னல், டாய்லெட், குப்பை. நாலுதான் இருக்கு. பயந்ததை நான் எங்க எழுத?"

கோமளம் மேலே ஓடினாள். விழாவிலிருந்து ஸ்ரீவித்யாவை வெளியே கூப்பிட்டு நிறுத்தினாள். ஸ்ரீவித்யா கையில் கேக் இருந்தது.

"இதுல நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லையே, கோமளம். எங்க ரெக்கார்டுல நீங்க ஊழியர் இல்லை. மாதிரிப் பொருள். நீங்களும் அந்த ஃபைபர் பேயும் ஒரே லிஸ்ட். ப்ராஜெக்ட் முடிஞ்சா மாதிரிப் பொருளைக் கொடுத்தவங்ககிட்டயே திருப்பி அனுப்பிடணும். உங்களை கான்ட்ராக்டர்கிட்ட திருப்பியாச்சு, நேத்திக்கே. அவங்க வாங்கிக்கலைன்னா நாங்க என்ன பண்றது?"

"பேயையும் திருப்பிட்டீங்களா மேடம்?"

"அது கம்பெனி வாங்கினது. சொத்து. ரிசப்ஷன்ல நிக்க வச்சிருக்கோம்."

சாயங்காலம் கேட்டில் அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் இரண்டாம் பாகம் வேண்டும் என்று கனடாக்காரன் கேட்டான். அதே பயம் வேண்டும், ஒரு குண்டுமணி குறையக் கூடாது என்றான். அஷ்டதிக்கிலிருந்து ஆள் விவேக் நகருக்குப் போய், சந்து சந்தாக விசாரித்து, கோமளத்தைக் கண்டுபிடித்தான். அவள் அப்போது ஈஜிபுராவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுனிதா காலேஜை நிறுத்திவிட்டு ஒரு கார்மென்ட்ஸுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ரீடிங் நன்றாக வந்தால் மறுபடி பேசலாம் என்று ஸ்ரீவித்யா சொல்லியனுப்பியிருந்தாள். மகளைத் திரும்பக் காலேஜில் விட்டுவிடலாம் என்ற ஒரே நினைப்பில் கோமளம் போனாள்.

அதே அறை, அதே கிளிப், அதே குழு. ஷில்பா மட்டும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். மீனைக் காட்டினார்கள், காலி நாற்காலியைக் காட்டினார்கள். ஊசி சைபரில் படுத்திருந்தது. கோமளம் மனசார முயன்றாள். முந்தானையைக் கடித்தாள், மூச்சைப் பிடித்தாள், கண் நரம்பெல்லாம் சிவந்தது. ஊசி அசையவில்லை.

"கொஞ்சம் பயப்படுங்களேன், கோமளம்!" என்று சுப்ரமணியன் கெஞ்சினார். "வேலை போயிடும்!"

"போயிருச்சே சார்," என்றாள் கோமளம். "அதான் வர மாட்டேங்குது."

சுப்ரமணியன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "சக்ஸஸ் உங்களை மாத்திடுத்து, கோமளம். நீங்க பழைய கோமளம் இல்லை."

அந்த நேரத்தில் டீ டிரேயுடன் ஒரு கிழவி உள்ளே வந்தாள். புது கான்ட்ராக்டரின் பச்சைக் கோட்டு. பெயர் முத்தம்மா, ஒக்கலிபுரத்துக்காரி. கோமளத்துக்குப் பழைய பழக்கம். வயது ஐம்பத்திரண்டு. நாற்பதுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று புது கான்ட்ராக்டர் சொன்னதால், அட்டையில் முப்பத்தெட்டு. இத்தனை கோட்டு சூட்டுக்காரர்கள் ஒன்றாகத் திரும்பித் தன்னைப் பார்த்ததும் அவள் டிரேயில் கோப்பைகள் கடகடவென்று ஆடின.

சுப்ரமணியன் மெல்ல எழுந்தார். "அம்மா, பயப்படாதீங்கோ. இப்படி வந்து உட்காருங்கோ."

கோமளத்தின் விரலிலிருந்த கிளிப்பை அவர் முத்தம்மாவின் விரலுக்கு மாற்றினார். முத்தம்மா பக்கத்திலிருந்த கோமளத்தின் காதருகே குனிந்தாள்.

"என்னாடி, எதுக்கு உக்கார வச்சிருக்காங்க? வயசக் கண்டுபுடிச்சிட்டாங்களா?"

ஊசி தொண்ணூற்றைந்து. குழுவில் யாரோ 'ஆஹா' என்றார்கள்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றாள் கோமளம். "பேய்ப்படம் காட்டுவாங்க. பேயப் பாத்துத்தான் பயந்தேன்னு சொல்லிரு. வேற எதுவும் சொல்லாத. சொன்னாலும் எழுதிக்க மாட்டாங்க." சொல்லிக்கொண்டே முத்தம்மாவின் கிளிப் மாட்டிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். கிழவியின் கை சில்லென்று இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது.

ஊசி எழுபதுக்கு இறங்கியது. நாற்பது. இருபது. குழுவில் கலவரம்.

"கோமளம், நீங்க ரீடிங்கைக் கெடுக்கறேள்," என்றாள் ஸ்ரீவித்யா. "கையை விடுங்க, ப்ளீஸ்."

"ஓரமா நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேனே மேடம்."

"விடுங்க. இல்லைன்னா இவங்களையும் கான்ட்ராக்டர்கிட்ட திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்."

கோமளம் முத்தம்மாவைப் பார்த்தாள். முத்தம்மாதான் முதலில் கையை இழுத்தாள். கோமளம் ஒவ்வொரு விரலாக விடுவித்தாள். நாலாவது விரலுக்கே ஊசி எண்பதைத் தாண்டிவிட்டது. ஐந்தாவதற்குக் காத்திராமல் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.